ஒரே மெயில் இரண்டு முறை விழாமல் சர்வரிலேயே ஃபில்டர் அமைப்பது

மெயிலைச் சர்வரிலேயே பிரித்து வைத்துவிட்டால் ஃபோனில் பார்த்தாலும், மடிக்கணினியில் பார்த்தாலும், வெப்மெயிலில் பார்த்தாலும் ஒரே ஒழுங்கு இருக்கும். தண்டர்பேர்டில் போட்ட ஃபில்டர் அந்தக் கணினி ஓடும் நேரத்தில் மட்டும்தான் வேலை செய்யும். இரவு பத்து மணிக்கு ஃபோனைத் திறந்தால் பகல் முழுக்க வந்த பில், லிஸ்ட், விளம்பரம் எல்லாம் இன்பாக்ஸில் குவிந்து கிடக்கும். அதனால்தான் பலரும் சர்வர் பக்கம் போகிறார்கள். போன இரண்டாம் நாளே வேறொரு தொல்லை தொடங்குகிறது: ஒரே மெயில் இன்பாக்ஸில் ஒன்று, ஃபோல்டரில் ஒன்று என்று வந்து நிற்கிறது.

இரட்டை மெயிலுக்குக் காரணம் ஒன்றே ஒன்று என்று நினைத்துக்கொண்டு மருந்து தேடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. குறைந்தது ஐந்து இடங்களில் அது பிறக்கலாம். எந்த இடத்தில் பிறக்கிறதோ அந்த இடத்திலேயே அடைக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் ஒரு விதி போட்டு அழித்துவிடலாம் என்று தொடங்கினால், என்றாவது ஒருநாள் உண்மையான மெயிலும் சேர்ந்து அழியும்.

இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் அமைப்பு: டெபியன் 12, மெயில் வாங்க போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் சேர்க்க டவ்காட் 2.3, ஃபில்டருக்கு அதன் பிஜின்ஹோல் சேர்க்கை, பயனர்கள் விதி எழுத ரவுண்ட்கியூப் என்ற வெப்மெயில். டவ்காட் 2.4 வைத்திருப்பவர்களுக்கு விதிகளும் காரணங்களும் இவையேதான். அமைப்புக் கோப்பு எழுதும் முறைதான் அந்தப் பதிப்பில் நிறைய மாறியிருக்கிறது. கட்டளைகளின் பெயர்களைத் தமிழில் ஒலிக்கிறபடி எழுதியிருக்கிறோம். சர்வரில் ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள்.

இரட்டை எங்கே பிறக்கிறது?

எதையும் மாற்றுவதற்கு முன், இரட்டையாக வந்த ஒரு மெயிலை எடுத்து அதன் மெசேஜ்-ஐடியை, அதாவது மெயிலின் ஹெட்டரில் இருக்கும் அடையாளத்தை, குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நகலின் முழு மூலத்தையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மெசேஜ்-ஐடியே வேறு வேறாக இருந்தால் அனுப்பியவர் இரண்டு முறை அனுப்பியிருக்கிறார். உங்கள் சர்வரில் தேட ஒன்றுமில்லை. ஒன்றாக இருந்தால் அந்த ஐடியை மெயில் லாகில் தேடுங்கள். லாகைக் கோப்பில் எழுதும் ஆர்சிஸ்லாக் டெபியன் 12-இல் தானாக நிறுவப்படுவதில்லை. மெயில் லாக் கோப்பே இல்லை என்றால் பதற வேண்டாம். ஜர்னல்சிடிஎல் கட்டளையில் தேடலாம்.

போஸ்ட்ஃபிக்ஸின் கிளீன்அப் வரியில் அந்த மெசேஜ்-ஐடியும் பக்கத்தில் ஒரு க்யூ எண்ணும் (உள்ளே வரும் மெயிலுக்குப் போஸ்ட்ஃபிக்ஸ் கொடுக்கும் எண்) இருக்கும். டவ்காட்டின் சிவ் (ஃபில்டர் விதி எழுதும் மொழி) வரியில் அதே ஐடியும், எந்த ஃபோல்டரில் சேர்த்தது என்பதும் இருக்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் விடை கிடைத்துவிடும்.

ஒரே டெலிவரி செஷனில் “இன்பாக்ஸில் சேர்த்தேன்”, “பில் ஃபோல்டரில் சேர்த்தேன்” என்று இரண்டு வரி இருந்தால், உங்கள் ஃபில்டர் விதிதான் நகல் எடுக்கிறது. க்யூ எண் ஒன்று, ஆனால் ஒரே பயனருக்கு இரண்டு டெலிவரி வரி. ஒவ்வொன்றிலும் 'ஒரிஜ் டூ' என்ற இடத்தில் வேறு வேறு முகவரி என்றால், ஏலியாஸ் (தனக்கு வரும் மெயிலை வேறு முகவரிகளுக்குத் திருப்பும் பெயர்) விரிவதுதான் காரணம். க்யூ எண் இரண்டு, இரண்டும் ஒரே வெளிச் சர்வரிலிருந்து சில நிமிட இடைவெளியில் வந்தவை என்றால், அனுப்பும் சர்வர் மறுபடி முயன்றிருக்கிறது. ஒரு நகலில் மட்டும் லிஸ்ட்-ஐடி ஹெட்டர் இருந்தால், ஒன்று உங்களுக்கு நேரடியாக வந்தது, மற்றது மெயிலிங் லிஸ்ட் வழியாக வந்தது. லாகில் ஒரே ஒரு டெலிவரிதான் இருக்கிறது, பெட்டியில் மட்டும் இரண்டு கிடக்கின்றன என்றால், ஏதோ ஒரு கணினியிலோ ஃபோனிலோ பழைய ஃபில்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். அமாவிஸ் போன்ற ஸ்பேம் வடிகட்டி நடுவில் இருந்தால், ஒழுங்காகப் போகும் மெயிலுக்கும் இரண்டு க்யூ எண் இருக்கும்: உள்ளே வந்தபோது ஒன்று, வடிகட்டித் திருப்பிக் கொடுத்தபோது ஒன்று. இரண்டாவது 127.0.0.1 என்ற முகவரியிலிருந்து வந்ததாகக் காட்டும். அதை இரட்டை என்று எண்ணிக் குழம்பாதீர்கள்.

டெலிவரிக்கு ஒரே வழி

சிவ் என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சல்லடை என்று பொருள். மெயில் ஃபில்டருக்காகவே உண்டான சிறு மொழி அது. 2001-இல் ஆர்எஃப்சி 3028 என்ற இணையத் தரநிலை ஆவணமாக வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2008-இன் ஆர்எஃப்சி 5228. மெயில் பெட்டிக்குள் விழும் அந்தக் கணத்தில் சிவ் ஓடுகிறது. ஆகவே விழும் வாசல் ஒன்றாக இருக்க வேண்டும்.

தேவையான தொகுப்புகள் மூன்று: டவ்காட்-எல்எம்டிபிடி, டவ்காட்-சிவ், டவ்காட்-மேனேஜ்சிவ்டி. நிறுவியதும் டவ்காட்டின் கான்ஃப்-டி ஃபோல்டரில், 10 என்று தொடங்கும் மாஸ்டர் கோப்பில் எல்எம்டிபி (போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை டவ்காட்டிடம் ஒப்படைக்கும் வழி) சேவைக்கு ஒரு யூனிக்ஸ் சாக்கெட் கொடுங்கள். அது போஸ்ட்ஃபிக்ஸின் ஸ்பூல் ஃபோல்டருக்குள் 'பிரைவேட்' என்ற உள் ஃபோல்டரில் இருக்க வேண்டும். உரிமையாளரும் குழுவும் போஸ்ட்ஃபிக்ஸ், அனுமதி 0600. அடுத்து 20 என்று தொடங்கும் எல்எம்டிபி கோப்பில், மெயில் ப்ளகின்கள் வரியின் கடைசியில் சிவ் என்று சேருங்கள். ஏற்கெனவே உள்ள ப்ளகின்களைக் குறிக்கும் டாலர் மாறியை அழித்துவிடாதீர்கள். கோட்டா (பெட்டியின் அளவு வரம்பு) போன்றவை அதோடு போய்விடும். இந்த ஒரு வரியை மறந்துவிட்டுத்தான் பலர், “விதி சரியாக இருக்கிறது, ஒன்றும் பிரியவில்லை” என்று நாள் முழுக்கத் தேடுகிறார்கள்.

போஸ்ட்ஃபிக்ஸ் பக்கம், தரவுத்தளத்தில் உள்ள பயனர்கள் என்றால் விர்ச்சுவல் ட்ரான்ஸ்போர்ட், லினக்ஸ் கணக்குள்ள பயனர்கள் என்றால் மெயில்பாக்ஸ் ட்ரான்ஸ்போர்ட். இரண்டில் உங்களுக்குப் பொருந்துவதை அந்தச் சாக்கெட்டுக்குத் திருப்புங்கள். பழைய வழிகாட்டிகளைப் பார்த்துப் போட்ட மெயில்பாக்ஸ் கமாண்ட் வரி இருந்தால் எடுத்துவிடுங்கள். பயனர்களின் வீட்டு ஃபோல்டரில் பழைய டாட் ஃபார்வர்ட், டாட் ப்ராக்மெயில் கோப்புகள் கிடக்கின்றனவா என்றும் பாருங்கள். ஃபார்வர்டு கோப்பில் தன் முகவரியையும் வெளி முகவரியையும் சேர்த்து எழுதிவிட்டு, பிறகு ரவுண்ட்கியூப்பிலும் ஃபார்வர்டு போட்டிருப்பார்கள். வெளிக் கணக்கில் எல்லாம் இரண்டிரண்டாக விழுவதற்கு அது போதும்.

லினக்ஸ் கணக்குள்ள பயனர்களுக்கு எல்எம்டிபி வழியில் முழு முகவரியும் போகும். டவ்காட்டோ வெறும் பயனர் பெயரைத்தான் அறியும். “அப்படியொரு பயனர் இல்லை” என்று திரும்பிவந்தால் ஆத் யூசர்நேம் ஃபார்மேட்டை, @ குறிக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும் எடுக்கும்படி மாற்றுங்கள். தரவுத்தளப் பயனர்களுக்கு வேறொன்று தேவை: ஒவ்வொருவருக்கும் எழுதக்கூடிய ஒரு வீட்டு ஃபோல்டர். சிவ் ஸ்கிரிப்ட் அங்கேதான் தங்குகிறது. பின்னால் சொல்லப்போகும் இரட்டைப் பட்டியலும் அங்கேதான், டாட் டவ்காட் எல்டிஏ-ட்யூப்ஸ் என்ற கோப்பில் இருக்கிறது. வீடு இல்லாவிட்டால் இரண்டும் இல்லை.

ஏலியாஸ் செய்யும் இரட்டை

ஒரு சிறு நிறுவனத்தில் 'கணக்கு', 'குழு' என்று இரண்டு பொது முகவரிகள் இருக்கின்றன. கமலா இரண்டிலும் உறுப்பினர். வாடிக்கையாளர் ஒரே மெயிலை இரண்டு முகவரிக்கும் போடுகிறார். கமலாவுக்கு இரண்டு நகல் வரும். போஸ்ட்ஃபிக்ஸ் இரட்டைகளை நீக்கத்தான் செய்கிறது. ஆனால் அது ஒப்பிடுவது 'முதலில் எழுதப்பட்ட முகவரி, கடைசியில் சேரும் முகவரி' என்ற ஜோடியை. கணக்கு–கமலா ஒரு ஜோடி, குழு–கமலா வேறொரு ஜோடி. அதனால் இரண்டையும் விட்டுவிடுகிறது. எனேபிள் ஒரிஜினல் ரெசிபியன்ட் என்ற அமைப்பை 'நோ' என்று மாற்றினால் கடைசி முகவரியை மட்டும் ஒப்பிட்டு ஒன்றாக்கிவிடும். அதற்கு ஒரு விலை உண்டு: எந்தப் பொது முகவரி வழியாக வந்தது என்ற தகவல் அதன்பின் லாகிலும் ஹெட்டரிலும் இருக்காது. அந்தத் தகவலை வைத்து யாராவது விதி எழுதியிருந்தால் முதலில் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, கண்டுபிடிக்க நேரம் தின்னும் ரகம். 'தகவல்' என்ற ஏலியாஸ் தன்னையும் கமலாவையும் குறிக்கிறது என்று வையுங்கள். அதாவது தகவல் பெட்டியிலும் ஒரு நகல், கமலாவுக்கும் ஒரு நகல். ஸ்பேம் வடிகட்டிக்குப் போகும் முன் போஸ்ட்ஃபிக்ஸ் இதை விரிக்கிறது: தகவல், கமலா. வடிகட்டி இரண்டு பேருக்குமாக மெயிலைத் திருப்பிக் கொடுக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் மறுபடி விரிக்கிறது: 'தகவல்' மீண்டும் தகவல், கமலா ஆகிறது, ஏற்கெனவே இருந்த கமலா அப்படியே இருக்கிறாள். கமலாவுக்கு இரண்டு. ஒவ்வொரு மெயிலுக்கும் தவறாமல் இது நடக்கும். எல்லா மெயிலுக்கும் பிசிசி நகல் எடுக்கும் ஆல்வேஸ் பிசிசி அமைப்பு இருந்தால் அதுவும் இதே முறையில் இரட்டிக்கும்.

தீர்வு, விரிப்பது ஒரு முறைதான் நடக்க வேண்டும். ரிசீவ் ஓவர்ரைடு ஆப்ஷன்ஸ் என்ற அமைப்பில் நோ அட்ரஸ் மேப்பிங்ஸ் என்று கொடுத்தால் அந்த இடத்தில் விரிப்பது நின்றுவிடும். வடிகட்டிக்கு முன்னால் நிறுத்துவதா, பின்னால் நிறுத்துவதா? ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனி ஸ்பேம் அமைப்பு இருந்தால் வடிகட்டிக்குக் கடைசி முகவரி தெரிய வேண்டும்; அப்போது முன்னால் விரியவிட்டு, திரும்பி வரும் போர்ட்டில் நிறுத்துங்கள். இல்லையென்றால் முன்னால் நிறுத்துவதே மேல், வடிகட்டிக்குச் சுமை குறையும். இரண்டு இடத்திலும் போட்டுவிட்டால் ஏலியாஸ் விரியவே விரியாது. பொது முகவரிகளுக்கு வரும் மெயில் தங்க இடமில்லாமல் திரும்பும்.

மறுமுயற்சியால் வரும் இரட்டைக்கும் பெரும்பாலும் இந்த வடிகட்டிதான் காரணம். அனுப்பும் சர்வர் மெயிலின் கடைசிப் புள்ளியை வைத்துவிட்டு 250 என்ற பதிலுக்குக் காத்திருக்கும். ஆர்எஃப்சி 5321 அதற்குப் 10 நிமிடம் தரச் சொல்கிறது. எல்லோரும் அவ்வளவு பொறுப்பதில்லை. மெயில் க்யூவுக்குள் வருவதற்கு முன்பே வைரஸ் சோதனை, ஸ்பேம் சோதனை எல்லாம் செய்யும் அமைப்பில் பெரிய இணைப்புள்ள மெயில் இழுத்துக்கொண்டே போனால், அனுப்பியவர் பக்கம் இணைப்பை அறுத்துக்கொள்ளும். நீங்களோ மெயிலை வாங்கிவிட்டீர்கள். அவர்களுக்கு அது தெரியாது, மறுபடி அனுப்புவார்கள். பெரிய இணைப்புள்ள மெயில்கள் மட்டும் இரட்டையாக வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகியுங்கள். வடிகட்டி ஒரு மெயிலுக்கு எத்தனை வினாடி எடுக்கிறது என்று அளந்து, பெரிய கோப்புகளுக்குச் சோதனை வரம்பு வையுங்கள்.

விதி எழுதும்போது

சிவ் ஸ்கிரிப்டில் எதுவுமே பொருந்தாவிட்டால் மெயில் தானாக இன்பாக்ஸில் விழும். இதுதான் 'இம்ப்ளிசிட் கீப்', சொல்லாமலே நடக்கும் கீப். ஃபைல்இன்டு (ஃபோல்டரில் சேர்ப்பது), ரீடைரக்ட் (வேறு முகவரிக்கு அனுப்புவது), டிஸ்கார்ட் (அழிப்பது) மூன்றும் அந்தக் கீப்பை ரத்து செய்துவிடும். ஆகவே ஒரு மெயிலை ஃபோல்டருக்கு அனுப்பினால் இன்பாக்ஸில் அது வராது, வரக் கூடாது.

பிறகு ஏன் வருகிறது? முதல் காரணம், ஃபைல்இன்டுவோடு காப்பி என்ற ஒட்டு சேர்ந்திருக்கிறது. அந்த ஒட்டு இருந்தால் கீப் ரத்தாகாது. ரவுண்ட்கியூப்பில் 'மெசேஜை நகர்த்து' என்று ஒரு செயலும் 'மெசேஜை நகலெடு' என்று ஒரு செயலும் அடுத்தடுத்து இருக்கும். நகலெடு என்பதுதான் இந்த ஒட்டு. அவசரத்தில் தேர்வு மாறிவிடும்.

இரண்டாவது காரணம்தான் மிகப் பரவலானது. ஃபைல்இன்டு மெயிலை நகர்த்தும், ஸ்கிரிப்டை நிறுத்தாது. அடுத்த விதிகளும் ஓடும். “மின்வாரியத்திலிருந்து வந்தால் பில் ஃபோல்டருக்கு” என்று ஒரு விதி, “தலைப்பில் ரசீது என்று இருந்தால் ரசீது ஃபோல்டருக்கு” என்று இன்னொரு விதி. மின்வாரியத்தின் ரசீது இரண்டிலும் பொருந்தும், இரண்டு ஃபோல்டரிலும் விழும். ஒரே ஃபோல்டருக்கு இரண்டு முறை அனுப்பச் சொன்னால் ஒரு நகல்தான் சேரும். அதைச் சிவ் தானே பார்த்துக்கொள்கிறது. வேறு வேறு ஃபோல்டர் என்றால் நீங்கள் கேட்டுத்தான் செய்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளும்.

ஆகவே நகர்த்தும் ஒவ்வொரு விதியின் கடைசியிலும் ஸ்டாப் வையுங்கள். ரவுண்ட்கியூப்பில் 'விதிகளைப் பார்ப்பதை நிறுத்து' என்ற செயல். கையால் எழுதுபவர்கள் இஃப், எல்ஸ்இஃப் என்று ஒரே சங்கிலியாக எழுதினால் ஸ்டாப் இல்லாமலே அதே பலன் கிடைக்கும். ரவுண்ட்கியூப் ஒவ்வொரு விதியையும் தனித்தனி இஃப் ஆகத்தான் எழுதுகிறது, அதனால் அங்கே ஸ்டாப் கட்டாயம். கொடி போடுவது, நட்சத்திரம் இடுவது போன்ற, மெயிலை எங்கும் அனுப்பாத விதிகளுக்கு மட்டும் ஸ்டாப் வேண்டாம். அவற்றை நகர்த்தும் விதிகளுக்கு மேலே வைத்துவிடுங்கள்.

வரிசை இப்படி இருந்தால் நல்லது:

1. இரட்டைச் சோதனை (தேவைப்பட்டால் மட்டும்).
2. கொடி போடும் விதிகள்.
3. வெளி முகவரிக்கு நகல் அனுப்பும் ரீடைரக்ட், காப்பி ஒட்டோடு.
4. மெயிலிங் லிஸ்ட் விதிகள், ஒவ்வொன்றும் ஸ்டாப்போடு.
5. அனுப்புநரை வைத்துப் பிரிக்கும் விதிகள், ஸ்டாப்போடு.
6. தலைப்புச் சொல்லை வைத்துப் பிரிக்கும் விதிகள், ஸ்டாப்போடு.

தலைப்பு விதிகளைக் கடைசியில் தள்ளுவதற்குக் காரணம் உண்டு. 'ரசீது' என்ற சொல் யார் மெயிலிலும் வரலாம், லிஸ்ட்-ஐடி மாறாது. உறுதியான அடையாளம் மேலே, தளர்ந்த அடையாளம் கீழே.

எல்லாப் பயனருக்கும் பொதுவான ஸ்பேம் விதியைச் 'சிவ் பிஃபோர்' என்ற இடத்தில் வைப்பது வழக்கம். அந்தப் பொது ஸ்கிரிப்ட் மெயிலை ஜங்க் ஃபோல்டருக்கு வெறும் ஃபைல்இன்டுவால் அனுப்பினால் கீப் ரத்தாகி, பயனரின் சொந்த ஸ்கிரிப்ட் ஓடாது. காப்பி ஒட்டு அங்கே நுழைந்துவிட்டால் கீப் உயிரோடு இருக்கும், சொந்த ஸ்கிரிப்டும் ஓடும், ஸ்பேம் இரண்டாக விழும். பொது ஸ்கிரிப்டை மாற்றும்போதெல்லாம் ரூட் கணக்கில் சிவ்சி கட்டளையால் தொகுத்துவிடுங்கள். டெலிவரி நேரத்தில் டவ்காட்டுக்கு அந்த ஃபோல்டரில் எழுத அனுமதி இருக்காது.

பயனருக்கு ஒரு நேரத்தில் ஒரே ஸ்கிரிப்ட்தான் செயலில் இருக்கும் என்பதையும் சொல்லி வையுங்கள். ரவுண்ட்கியூப்பில் பத்து விதி வைத்திருப்பவர் வேறொரு மெயில் செயலியில் மேனேஜ்சிவ் வழியாக, அதாவது 4190 போர்ட்டில் நுழைந்து, புதிதாக ஒன்றை எழுதிச் செயல்படுத்தினால் அந்தப் பத்தும் அழியாது, ஆனால் ஓடாது.

மெயிலிங் லிஸ்டில் உங்கள் பெயரும் சேர்ந்து வரும்போது

லிஸ்டில் நீங்கள் எழுதியதற்கு ஒருவர் 'எல்லோருக்கும் பதில்' அழுத்துகிறார். உங்களுக்கு நேரடியாக ஒன்று, லிஸ்ட் வழியாக ஒன்று. மெசேஜ்-ஐடி இரண்டிலும் ஒன்றே. நேரடி நகல் வழக்கமாக முன்னால் வந்துவிடும், அதில் லிஸ்ட்-ஐடி இருக்காது. லிஸ்ட்-ஐடியை மட்டும் நம்பிய விதி அதை இன்பாக்ஸில் விட்டுவிடும். லிஸ்ட் நகல் ஃபோல்டருக்குப் போகும்.

இதற்கு நன்றாக வேலை செய்யும் முறை: இரண்டு அடையாளத்தையும் ஒரே விதியில் 'எது பொருந்தினாலும் போதும்' என்று கட்டுங்கள். லிஸ்ட்-ஐடி ஹெட்டரில் லிஸ்டின் பெயர் இருந்தாலும் சரி, டூ அல்லது சிசி-யில் லிஸ்டின் முகவரி இருந்தாலும் சரி, லிஸ்ட் ஃபோல்டருக்கு. இப்போது இரண்டு நகலும் ஒரே ஃபோல்டருக்குத்தான் வரும். அடுத்து சொல்லும் இரட்டைச் சோதனையை இதற்கு மேலே வைத்தால், எது முதலில் வந்தாலும் அது சரியான இடத்தில் இருக்கும், இரண்டாவது ஒதுங்கிவிடும். ஒரு குறை: நேரடி நகல் தங்கினால் அதில் லிஸ்ட்-போஸ்ட் ஹெட்டர் இல்லை, 'லிஸ்டுக்குப் பதில்' பொத்தான் வேலை செய்யாது. எல்லோருக்கும் பதில் அழுத்திக்கொள்ளலாம்.

மெயில்மேன் 2 லிஸ்டுகளில் உறுப்பினர் பக்கத்தில் 'இரட்டை நகல் வேண்டாம்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை இயக்கினால் உங்கள் முகவரி நேரடியாக இருக்கும் மெயிலை லிஸ்ட் உங்களுக்கு அனுப்பவே அனுப்பாது. மேலே சொன்ன விதியோடு இது நன்றாகப் பொருந்தும், சர்வரில் இரட்டைச் சோதனையே தேவைப்படாமல் போகலாம்.

இரட்டைச் சோதனை

2014-இன் ஆர்எஃப்சி 7352 சிவ்-க்கு 'டூப்ளிகேட்' என்ற சோதனையைக் கொடுத்தது. பிஜின்ஹோலில் அது இருக்கிறது. ஸ்கிரிப்டின் முதல் ரிக்வயர் வரியில் அதன் பெயரைச் சேர்த்தால் போதும். மெயிலின் மெசேஜ்-ஐடியை அது ஒரு பட்டியலில் எழுதி வைக்கும். அதே ஐடி மறுபடி வந்தால் 'ஆம்' என்று சொல்லும்.

காலவரம்பை வெளிப்படையாகக் கொடுங்கள்: 86400 வினாடி, ஒரு நாள். லிஸ்ட் நகலோ மறுமுயற்சியோ பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். அதிகம் கேட்டால் சர்வரின் உச்ச வரம்பு வரைதான் கிடைக்கும். 'லாஸ்ட்' என்ற ஒட்டைச் சேர்க்காதீர்கள். அது ஒவ்வொரு இரட்டை வரும்போதும் கணக்கை முதலிலிருந்து தொடங்கும். தினமும் ஒரே ஐடியோடு மெயில் அனுப்பும் கருவி ஒன்று இருந்தால் அதன் மெயில் முடிவேயில்லாமல் அடைபட்டுக் கிடக்கும்.

அப்படிப்பட்ட கருவிகள் இருக்கின்றன. ஸ்கேனர், கண்காணிப்புக் கேமரா, யாரோ அவசரத்தில் எழுதிய கிரான் ஸ்கிரிப்ட் ஆகியவை எல்லா மெயிலுக்கும் ஒரே மெசேஜ்-ஐடி போடக்கூடும். நெருப்பு எச்சரிக்கையின் இரண்டாவது மெயில் இரட்டை என்று ஒதுக்கப்படுவதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆகவே இரட்டைச் சோதனைக்கு முன்னால் ஒரு விலக்கு வையுங்கள்: உள் கருவிகளின் முகவரிகளிலிருந்து வந்தால் இந்தச் சோதனை ஓடக் கூடாது. 'அனைத்தும் பொருந்த வேண்டும்' என்ற கட்டில் விலக்கை முதலிலும் டூப்ளிகேட்டை இரண்டாவதாகவும் எழுதுங்கள்.

இரட்டை என்று தெரிந்ததை டிஸ்கார்ட் செய்யாதீர்கள். குறைந்தது முதல் இரண்டு வாரத்துக்கு 'இரட்டை' என்று ஒரு ஃபோல்டர் வைத்து அங்கே அனுப்புங்கள், பிறகு ஸ்டாப். வாரம் ஒரு முறை அதைத் திறந்து பாருங்கள். ஒருவருடைய மெசேஜ்-ஐடி தெரிந்தால் அதே ஐடியோடு முந்திக்கொண்டு ஒரு குப்பை மெயில் அனுப்பி, உண்மையான மெயிலை இரட்டையாக்கிவிட முடியும் என்பதையும் மனதில் வையுங்கள். ஃபோல்டரில் இருந்தால் மீட்கலாம். டிஸ்கார்ட் ஆனது போனதுதான்.

ஒரு ஸ்கிரிப்டுக்குள் இந்தச் சோதனையை எத்தனை இடத்தில் கேட்டாலும் அந்த மெயிலுக்கு ஒரே விடைதான் வரும். ஸ்கிரிப்ட் வெற்றிகரமாக முடிந்த பிறகுதான் ஐடி பட்டியலில் ஏறும். அதனால் நடுவில் பிழை வந்து மறுபடி டெலிவரி ஆகும் மெயில், இரட்டை என்று தவறாக ஒதுங்காது. ஆனால் இதற்கு மேலே ஏதாவது விதி ஸ்டாப் சொல்லிவிட்டால் சோதனை ஓடாது, ஐடியும் பதிவாகாது. வரிசையில் முதலிடம் கொடுத்தது அதற்காகத்தான்.

தமிழ்த் தலைப்பும் தமிழ் ஃபோல்டரும்

சிவ் ஸ்கிரிப்ட் யூடிஎஃப்-8-இல் இருக்கும். தலைப்பில் தேட வேண்டிய சொல்லைத் தமிழிலேயே எழுதலாம். மெயிலில் அது குறியாக்கம் செய்யப்பட்டு வந்தாலும் சிவ் அதை அவிழ்த்துப் பார்த்துத்தான் ஒப்பிடும். ஃபோல்டர் பெயரையும் தமிழில் வைக்கலாம். ஐமேப் பக்கம் அது விசித்திரமான எழுத்துக்கோவையாகத் தெரியும். அந்தக் கோவையை எடுத்து ஸ்கிரிப்டில் ஒட்டாதீர்கள், தமிழ்ப் பெயரையே எழுதுங்கள்.

ஒரு சிக்கல் மட்டும் கண்ணுக்கே தெரியாது. 'தொகை' என்ற சொல்லில் உள்ள ஒகரக் குறி யூனிகோடில் இரண்டு விதமாக எழுதப்படலாம்: 0BCA என்ற ஒற்றைக் குறியாக, அல்லது 0BC6, 0BBE என்று கொம்பும் காலுமாக இரண்டு குறியாக. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. சிவ்-இன் வழக்கமான ஒப்பீடு இவற்றை ஒன்றாக்காது. தமிழ்த் தலைப்பு விதி சிலருடைய மெயிலுக்கு மட்டும் பிடிக்கவில்லை என்றால், இரண்டு வடிவத்தையும் விதியில் சேருங்கள். அல்லது ஒகர, ஓகார, ஔகாரக் குறி இல்லாத வேறு சொல்லைத் தேர்ந்தெடுங்கள். 'ரசீது' போன்ற சொல்லில் இந்தத் தொல்லையே இல்லை.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்றால் பிரிக்கும் குறியைக் கவனியுங்கள். மெயில்டிர் அமைப்பில் வழக்கமாகப் புள்ளி, வேறு சிலவற்றில் சாய்கோடு. தவறினால் அப்படியொரு ஃபோல்டர் இல்லை என்று சொல்லி மெயில் இன்பாக்ஸில் விழும். மெயில்பாக்ஸ் சேர்க்கையின் 'க்ரியேட்' ஒட்டைப் போட்டால் இல்லாத ஃபோல்டரை உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் எழுத்துப் பிழையோடு எழுதினாலும் உண்டாக்கிவிடும்.

சோதித்துப் பார்ப்பது

சிவ்-டெஸ்ட் கட்டளைக்கு ஸ்கிரிப்டையும், சேமித்து வைத்த ஒரு மெயில் கோப்பையும் கொடுத்தால் என்ன நடக்கும் என்று சொல்லும், எதையும் செய்யாது. விடையில் இரண்டு பகுதியைப் பாருங்கள். செய்த செயல்கள் என்பதன் கீழ் ஒரே ஒரு ஃபோல்டர் இருக்க வேண்டும். இம்ப்ளிசிட் கீப் என்பதன் கீழ் எதுவும் இல்லை என்று வர வேண்டும். இரண்டு ஃபோல்டர் தெரிந்தால் எங்கோ ஸ்டாப் விட்டுப்போயிருக்கிறது. கீப் இருந்தால் காப்பி ஒட்டு இருக்கிறது.

டூப்ளிகேட் சோதனையை இப்படிப் பார்க்க முடியாது, ஏனென்றால் பட்டியலில் எதுவும் ஏறாது. மெசேஜ்-ஐடியோடு ஒரு மெயில் கோப்பைத் தயார் செய்து சென்ட்மெயில் கட்டளை வழியாக இரண்டு முறை அனுப்புங்கள். ரீடைரக்ட் விதி இருந்தால் இரண்டாவது முறை அது போகாது. 'இரட்டை ஃபார்வர்டு ஒதுக்கப்பட்டது' என்ற பொருளில் லாகில் ஒரு வரி வரும். பிழை என்று நினைக்க வேண்டாம், மெயில் சுற்றிச் சுற்றி வராமல் தடுக்கப் பிஜின்ஹோல் தானே செய்வது.

சர்வர் விதிகள் ஓடத் தொடங்கியதும் எல்லாக் கணினிகளிலும் உள்ள பழைய ஃபில்டர்களை நீக்குங்கள். இரண்டு கணினியில் 'நகலெடு' ஃபில்டர் இருந்தால் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு நகல் எடுக்கும். வேறு கணக்கிலிருந்து ஃபெட்ச்மெயிலால் இழுத்து வருபவர்கள், அந்தக் கணக்கிலிருந்து இங்கே ஃபார்வர்டும் போட்டிருக்கிறார்களா என்று பார்த்து ஒன்றை நிறுத்த வேண்டும்.

ஏற்கெனவே குவிந்தவை

வாசல்களை அடைத்த பிறகுதான் பழைய குவியலில் கை வைக்க வேண்டும். டவ்அட்மின் கட்டளையில் டீடூப்ளிகேட் என்று ஒரு செயல் இருக்கிறது. சும்மா ஓட்டினால் டவ்காட்டின் உள் அடையாள எண்ணை வைத்து ஒப்பிடும். தனித்தனியாக டெலிவரி ஆன இரட்டைகளை அது கண்டுகொள்ளாது. எம் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் மெசேஜ்-ஐடியை வைத்து ஒப்பிடும். நீக்கியது குப்பைத் தொட்டிக்குப் போகாது, நேராக அழிந்துவிடும். ஆகவே முழு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு பயனர், ஒரு ஃபோல்டர் என்று ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். ஸ்கேனர் மெயில்கள் சேர்ந்திருக்கும் ஃபோல்டரில் எம் விருப்பத்தை ஓட்டவே ஓட்டாதீர்கள்.

புதிய விதிகளைப் பழைய மெயில்களுக்கும் பொருத்த சிவ்-ஃபில்டர் என்ற கருவி இருக்கிறது. விருப்பம் எதுவும் கொடுக்காமல் ஓட்டினால் என்ன நடக்கும் என்று காட்டும். இ என்ற சிறிய எழுத்து விருப்பம் கொடுத்தால் உண்மையிலேயே செய்யும். மூல ஃபோல்டரை மாற்ற டபிள்யூ என்ற பெரிய எழுத்தும் வேண்டும். இங்கேதான் ஒரு குழி இருக்கிறது. ஃபோல்டருக்குப் போன மெயிலின் மூலத்தை என்ன செய்வது என்று நீங்கள் கடைசியில் சொல்லாவிட்டால், அது மூலத்தை அப்படியே வைத்திருக்கும். இன்பாக்ஸில் பத்தாயிரம் மெயில் இருந்து அதில் எட்டாயிரம் பிரிந்தால், எட்டாயிரம் இரட்டைகளை உங்கள் கையாலேயே உண்டாக்கியிருப்பீர்கள். 'மூவ்' என்று சொல்லி ஒரு தற்காலிக ஃபோல்டரின் பெயரைக் கொடுங்கள். பிரிந்தவற்றின் மூலமெல்லாம் அங்கே சேரும். எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அந்த ஃபோல்டரை அழியுங்கள். அந்த ஓட்டத்துக்கு மட்டும் டூப்ளிகேட் சோதனையையும் ரீடைரக்ட் விதியையும் எடுத்துவிட்ட தனி ஸ்கிரிப்டைக் கொடுங்கள்.